ஏசி கொம்பிரசர் போய்விட்டதா, கிளச் மட்டும்தானா?

கேள்வி: 2025 மே 18, சம்மாந்துறையிலிருந்து

அண்ணன், என்னுடையது கொரோலா 121. காலையில் ஏசி நல்ல குளிர். பத்து மணிக்குப் பிறகு அரை மணித்தியாலம் ஓடினால் வெறும் காற்றுத்தான் வருகிறது. நிழலில் நிப்பாட்டி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் திரும்பவும் குளிர்கிறது. கராஜில் காட்டி இரண்டு தரம் காஸ் அடித்தாயிற்று. இப்போது கொம்பிரசர் முடிந்துவிட்டது, ரீகண்டிஷன் ஒன்று பூட்ட வேண்டும் என்கிறார்கள். உண்மையா? அடுத்த மாதம் உம்மாவைக் கொழும்புக்குக் கிளினிக் கூட்டிப்போக வேண்டும். அதுதான் அவசரம்.

மே 18, இரவு

தம்பி, காசைக் கொடுத்துவிடாதீர்கள். கொம்பிரசர் செத்திருந்தால் காலையிலும் குளிராது. ஆறியிருக்கும்போது வேலை செய்து, சூடேறியதும் கைவிட்டு, திரும்ப ஆறியதும் வேலை செய்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது கிளச்சைத்தான். கியர் கிளச் அல்ல, கொம்பிரசரை பெல்ட் புல்லியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் ஏசி கிளச். ஆரையம்பதியில் என் கராஜுக்கு வரும் பழைய டொயோட்டா, நிசான் கார்களில் இந்தக் கதையை அடிக்கடி கேட்கிறேன். "கொம்பிரசர் போச்சு" என்ற தீர்ப்போடு வருகிற வாகனங்களில் நல்ல பங்கு கொம்பிரசரைக் கழற்றாமலே திரும்பிப் போகின்றன.

நாளை குளிர் நின்றவுடன் ஏசியை நிப்பாட்டாமல், எஞ்சினையும் நிப்பாட்டாமல், ஓரமாக்கி பொனட்டைத் திறந்து கொம்பிரசரின் முகத்தைப் பாருங்கள். பெல்ட் ஓடும் புல்லி எந்நேரமும் சுற்றும். அதற்கு முன்னால் வட்டமாக ஒரு பிளேட் இருக்கும். ஏசி வேலை செய்யும்போது அந்தப் பிளேட்டும் புல்லியோடு ஒட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். புல்லி சுற்ற, பிளேட் சும்மா நிற்கிறதா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

மே 19, காலை

இரவு எழுதியதோடு இதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சூடானால் நின்று ஆறினால் வேலை செய்கிற குணம் வேறு இரண்டு பழுதுகளுக்கும் உண்டு.

ஒன்று, கொண்டென்சர் விசிறி. கொண்டென்சர் என்பது காரின் முன்பக்கத்தில் காஸின் சூட்டை வெளியே விடும் பகுதி. அது சுற்றாவிட்டால், அல்லது கொண்டென்சரின் இடுக்குகளில் புழுதி அடைத்திருந்தால், காஸின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். டொயோட்டாவின் பிரஷர் சுவிட்ச் சுமார் 32 கிலோ அழுத்தத்தில் (சதுர சென்ரிமீற்றருக்கு) கிளச்சை வெட்டிவிடும். இங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் வயல் புழுதி எல்லாம் கொண்டென்சருக்குள்தான் போய்ச் சேரும். ஆனால் விசிறிப் பழுது பெரும்பாலும் நிற்கும்போது, நெரிசலில்தான் காட்டும். வேகமாக ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றே போதும்.

மற்றது, உள்ளே இருக்கும் கொயிலில், அதாவது எவப்பரேற்றரில், ஐஸ் பிடிப்பது. அப்போது குளிர் மட்டும் குறையாது, காற்று வருவதே குறைந்துவிடும். நிப்பாட்டிய பிறகு அடியில் வழக்கத்தை விடக் கூடத் தண்ணீர் ஒழுகும். நீங்கள் காற்று நன்றாக வருகிறது என்கிறீர்கள், ஆகவே இது இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இவற்றைப் பிரித்தறிய ஒரே வழி, பிளேட் நிற்கும் நேரத்தில் கிளச்சுக்குப் போகும் வயரில் கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பது. கரண்ட் வந்தும் பிளேட் ஒட்டவில்லை என்றால் பழுது கிளச்சில். கரண்டே வரவில்லை என்றால் கிளச்சைத் தொட வேண்டாம். பியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், விசிறி என்று அந்தப் பக்கம் போக வேண்டும்.

மே 19, மதியம்

சாரத்தோடு இந்த வேலை பார்க்க வேண்டாம். தொங்குகிற சட்டைக் கை, மாலை, சங்கிலி ஒன்றும் வேண்டாம். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும், ரேடியேற்றர் விசிறி எந்த நேரமும் எழும்பும்.

மே 20

"பிளேட் நிற்கிறது, டெஸ்டர் பல்ப் எரிகிறது" என்று பதில் வந்திருக்கிறது. நல்லது, பாதி வேலை முடிந்தது. ஆனால் பல்ப் எரிந்தது என்பது எனக்குப் போதாது. பல்ப் 9 வோல்ட்டிலும் எரியும், 14 வோல்ட்டிலும் எரியும். கிளச்சுக்கு அந்த வித்தியாசம் பெரிது. மல்டிமீற்றர் ஒன்று எடுத்து, கிளச் வயரின் சொக்கெட்டைக் கழற்றாமல், பின்பக்கத்தால் ஊசியைச் செருகி அளவுங்கள். கழற்றி அளந்தால் சுமை இல்லாததால் பற்றரியின் முழு வோல்ட்டேஜையும் காட்டி ஏமாற்றும். அதே நேரத்தில் பற்றரியிலும் அளந்து இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.

இன்னொரு சோதனை. பிளேட் நிற்கும் நேரத்தில், நீளமான காய்ந்த தடி ஒன்றால், விளக்குமாற்றுப் பிடி என்றாலும் சரி, பிளேட்டின் முகத்தை மெதுவாகப் புல்லியின் பக்கம் தள்ளுங்கள். "டக்" என்று ஒட்டிக்கொண்டு சுற்றத் தொடங்கினால், காந்தம் வேலை செய்கிறது, எட்டி இழுக்கத்தான் பலம் போதவில்லை என்று அர்த்தம். தடியை உடனே எடுத்துவிட வேண்டும். கம்பியால், ஸ்குரூ டிரைவரால் செய்யக் கூடாது.

மே 21, இரவு

பற்றரியில் 13.9, கிளச்சில் 11.6. தடியால் தள்ளியதும் ஒட்டிவிட்டது.

இதற்கு மேல் கொம்பிரசரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒட்டியதும் குளிர் வந்தது என்கிறீர்கள், அப்படியென்றால் உள்ளே பம்ப் பண்ணுகிறது.

ஏன் சூட்டில் மட்டும் என்று கேட்டிருந்தீர்கள். புல்லிக்குப் பின்னால் செம்புக் கம்பி சுற்றிய கொயில் இருக்கிறது. கரண்ட் போனதும் அது காந்தமாகி பிளேட்டை இழுக்கும். 12 வோல்ட் கார்களில் அதன் தடை பொதுவாக 3 முதல் 5 ஓம் வரை இருக்கும், இழுக்கும் கரண்ட் 3, 4 அம்பியர் அளவு. செம்பு சூடானால் தடை கூடும். ஒரு பாகைக்கு 0.4 சதவீதம் அளவில் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 30 பாகையில் 3.6 ஓம் இருந்த கொயில், எஞ்சின் சூட்டில் 110 பாகைக்குப் போனால் 4.7 ஓம் ஆகிவிடும். கரண்டில் கால் பங்கு குறைகிறது. இழுவை கரண்டின் வர்க்கத்தோடு போவதால், கால் பங்கு கரண்ட் குறைந்தால் இழுவை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இதோடு இடைவெளியைச் சேர்த்துப் பாருங்கள். பிளேட்டும் புல்லியும் ஒவ்வொரு தரம் ஒட்டும்போதும் கொஞ்சம் தேய்கின்றன. வருடக்கணக்கில் தேய்ந்து இடைவெளி அகலமாகிறது. இடைவெளி கூடக் கூட இழுவை வேகமாக விழும். காலையில் மட்டுமட்டாக எட்டிப் பிடித்த காந்தம் மத்தியானம் எட்டாமல் போகிறது. கராஜுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுவதால் அங்கே எல்லாம் சரியாகக் காட்டும். அதனால்தான் காஸ் அடித்து அனுப்பிவிடுகிறார்கள்.

மே 22

இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். மோட்டார் சைக்கிள் வால்வு செட் பண்ணுகிறவர்கள் எல்லோரிடமும் இருக்கும், இரவல் கேளுங்கள். எஞ்சினை நிப்பாட்டி, சாவியை எடுத்துவிட்டு, பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் தகட்டைச் செருகி மூன்று இடத்தில் அளவுங்கள். டொயோட்டாவில் பெரும்பாலும் வரும் டென்சோ கொம்பிரசர்களுக்கு 0.35 முதல் 0.6 மில்லிமீற்றர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். சாண்டனின் எஸ்டி வகைகளுக்கு 0.4 முதல் 0.8 வரை. உங்கள் கொம்பிரசரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு.

மூன்று இடத்திலும் மூன்று அளவு வந்தால் பிளேட் நெளிந்திருக்கிறது. அதற்கு ஷிம், அதாவது பிளேட்டுக்குப் பின்னால் தண்டில் இருக்கும் மெல்லிய வளையம், எடுப்பது மருந்து அல்ல.

மே 24

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "இவ்வளவு அளவெல்லாம் எதற்கு, எங்கட பாஸ் பிளேட்டையும் புல்லியையும் வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டார், இரண்டு வருசமாக ஓடுகிறது."

இதை யாரும் செய்யாதீர்கள். மனதார வேண்டிக் கேட்கிறேன். கிளச் இருப்பது ஏசியைப் போடவும் நிப்பாட்டவும் மட்டுமல்ல. உள்ளே எவப்பரேற்றர் உறையப் போகும்போது அது வெட்ட வேண்டும். அழுத்தம் எல்லை மீறினால் வெட்ட வேண்டும். காஸ் கசிந்து அழுத்தம் 2 கிலோவுக்குக் கீழே போனால் வெட்ட வேண்டும், ஏனென்றால் கொம்பிரசருக்கு எண்ணெய் காஸோடுதான் சுற்றி வருகிறது. காஸ் இல்லாமல் சுற்றினால் வறண்டு, இறுகிவிடும். வெல்டிங் வைத்த வாகனத்தில் கொம்பிரசர் இறுகினால் பெல்ட் அறும். அநேகமான கார்களில் அதே பெல்ட்டில்தான் டைனமோவும் ஓடுகிறது, சிலவற்றில் தண்ணீர்ப் பம்பும். இரவில் மன்னம்பிட்டிக் காட்டுக்குள் அப்படி நின்றுபோன ஒரு குடும்பத்தின் வேனை நான் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பின் சீற்றில் கைக்குழந்தை.

அதே காரணத்துக்காக, பிரஷர் சுவிட்சின் இரண்டு வயரையும் சேர்த்து முடிச்சுப் போட்டு ஓட்டுவதும் வேண்டாம். சோதிக்க ஒரு நொடி சேர்ப்பது வேறு, அப்படியே விட்டுவிடுவது வேறு. அந்த ஒரு நொடியையும் காஸ் இருப்பதை உறுதிப்படுத்திய பிறகே செய்ய வேண்டும்.

மே 25

அதே அன்பர் திரும்ப எழுதியிருக்கிறார். வெல்டிங் வைத்த பிறகு காலையில் வண்டி எடுக்கும்போது எஞ்சின் பாரமாக இருக்கிறதாம், பெற்றோலும் கூடப் பிடிக்கிறதாம். ஓம், ஏசி தேவையில்லாத நேரத்திலும் கொம்பிரசரைச் சுற்றிக்கொண்டு திரிகிறீர்கள். வேறு கிளச் ஒன்று தேடிப் பூட்டுங்கள். கொழும்புப் போக்குவரத்து இருந்தால் பஞ்சிகாவத்தையில் கிளச் மட்டும் தனியாகவே எடுக்கலாம்.

மே 27

சம்மாந்துறைத் தம்பியின் அளவு வந்துவிட்டது: 0.95, 0.95, 0.9. நெளிவு இல்லை, தேய்மானம் மட்டும். இனி ஷிம் எடுக்க வேண்டியதுதான். காஸைத் தொட வேண்டியதில்லை, பைப் ஒன்றும் கழற்ற வேண்டியதில்லை. உங்கள் காரில் கை போக இடம் போதாவிட்டால் பெல்ட்டைக் கழற்றி, கொம்பிரசரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, பைப்போடு சேர்த்து மெதுவாகத் திருப்பிக்கொள்ளலாம். பைப்பை மடக்கிவிடாதீர்கள்.

பிளேட்டின் நடுவில் ஒரு போல்ட் இருக்கும். பிளேட் சுற்றாமல் பிடித்துக்கொண்டு அதைக் கழற்றினால் பிளேட் வெளியே வரும். வராவிட்டால் நடுத் துளையின் மரைக்குப் பொருந்தும் பெரிய போல்ட் ஒன்றை விட்டு முறுக்கினால், அது தண்டைத் தள்ளிப் பிளேட்டை வெளியே எடுத்துவிடும். ஸ்குரூ டிரைவரால் கெம்பக் கூடாது, பிளேட் நெளிந்துவிடும். வெளியே எடுக்கும்போது ஒரு கையைக் கீழே ஏந்திப் பிடியுங்கள். தண்டில் மெல்லிய வளையங்கள் இருக்கும், எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வளையம் போலத் தெரியும், சில நேரம் பிளேட்டின் உள் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வரும். நகத்தால் பிரித்துப் பாருங்கள். டொயோட்டாவில் 0.1, 0.3, 0.5 என்று வெவ்வேறு தடிப்பில் வருகின்றன. உங்களுக்கு 0.4 அளவில் குறைய வேண்டும்.

திருப்பிப் பூட்டும் முன் பிளேட்டின் முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில், வட்ட வட்டமாக மெல்லிய கீறல்களோடு இருந்தால் நல்லது. நீலமாக, வயிலட் கலந்து மினுங்கினால் அது வழுக்கிச் சூடேறியிருக்கிறது. பிளேட்டின் நடுப்பகுதியையும் வெளி வளையத்தையும் ரப்பர் இணைத்திருந்தால், அந்த ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெடித்திருந்தால் பிளேட்டை மாற்றுவதே ஒழுங்கு.

பூட்டிய பிறகு திரும்ப அளக்க வேண்டும். கையால் சுற்றினால் எந்த இடத்திலும் உரசக் கூடாது. இடைவெளி மிகக் குறைந்தால் ஏசி நிப்பாட்டிய பிறகும் பிளேட் இழுபட்டுச் சுற்றும். அது அகலத்தை விட மோசம்.

மே 28

0.5 வந்திருக்கிறது, மத்தியான வெயிலில் அம்பாறைக்குப் போய் வந்தும் குளிர் நிற்கவில்லையாம். சந்தோசம்.

ஆனால் தம்பி, இதோடு விட எனக்கு மனமில்லை. மே 21இல் நீங்கள் அனுப்பிய அளவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பற்றரியில் 13.9 இருக்கும்போது கிளச்சில் 11.6. நடுவழியில் 2.3 வோல்ட் எங்கோ போகிறது. அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் தேட வேண்டும். இப்போது இடைவெளி குறைந்ததால் 11.6 போதுமாக இருக்கிறது. நாளை அந்த இடம் இன்னும் கருகினால் திரும்பவும் அதே நிலைமைதான். கொழும்புப் பயணத்துக்கு முன் அதையும் பிடித்துவிடுவோம்.

முதலில் ரிலே. பியூஸ் பெட்டியில் அதே அச்சில் ஹோர்ன் ரிலே இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டு அளவுங்கள். அளவு கூடினால் பழுது ரிலேயில். கூடாவிட்டால் பெட்டியில் ரிலே நிற்கும் கால் துளைகளைப் பாருங்கள், பச்சையோ கருகலோ இருக்கும். அதற்குப் பிறகு எர்த். உங்கள் கொயிலுக்கு ஒரு வயர்தான் வருகிறது என்றால் மற்ற முனை கொம்பிரசரின் உடம்பு வழியாக எஞ்சினுக்குப் போய், எஞ்சினிலிருந்து எர்த் கேபிள் வழியாகப் பற்றரிக்கு வருகிறது. மீற்றரின் ஒரு ஊசியைக் கொம்பிரசர் உடம்பிலும் மற்றதைப் பற்றரியின் நெகட்டிவிலும் வைத்து, கிளச் ஒட்டியிருக்கும்போது அளந்தால் எர்த்தில் எவ்வளவு விழுகிறது என்று நேரே தெரியும்.

மே 30

எர்த்தில்தான் 1.6 வோல்ட் விழுந்திருக்கிறது! கேபிளின் தலை வெளியே நல்லாகத் தெரிந்ததாம், வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்ததாம்.

கடற்கரைப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன், காத்தான்குடி, கல்லடி, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். உப்புக் காற்று முதலில் தின்பது வயரின் முனைகளைத்தான். பெயின்ரில் துரு தெரிவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே எர்த் கேபிளுக்குள் பச்சை பிடித்துவிடும். கேபிளை மாற்றும்போது எஞ்சினில் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பூட்டிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

ஜூன் 1

புதுக் கேபிளோடு கிளச்சில் 13.3. அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 3

ஏறாவூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்கிறார், அவருடைய அக்வாவில் பிளேட்டைக் காணவில்லை, எங்கே தேடுவது என்று.

தேட வேண்டாம். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டுகளில் கொம்பிரசரைச் சுற்றுவது பெல்ட் அல்ல, உள்ளே இருக்கும் மின் மோட்டார். கிளச்சே கிடையாது. செம்மஞ்சள் நிறக் கேபிள் அதற்குப் போகும். அக்வாவின் பெரிய பற்றரி 144 வோல்ட், பிரியஸில் 201.6. ஆளைக் கொல்லும் மின்சாரம். இந்தப் பக்கத்தில் எழுதிய தடி வைத்தியம், வயர் வைத்தியம் ஒன்றும் அங்கே பொருந்தாது, பொனட்டுக்குள் செம்மஞ்சள் வயர் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். அந்தக் கொம்பிரசருக்கு எண்ணெயும் வேறு. சாதாரணக் கார்களுக்கு ஊற்றும் பிஏஜி எண்ணெய் கலந்தால் மின் காப்பு கெட்டு, கார் பிழைக் குறியைக் காட்டி நின்றுவிடும். ஹைபிரிட் வேலை தெரிந்த இடத்தில் கேட்டு, எந்த எண்ணெய் ஊற்றப் போகிறார்கள் என்று முதலில் விசாரித்த பிறகே கொடுங்கள்.

சில புதிய பெற்றோல் கார்களிலும் கிளச் இல்லாத கொம்பிரசர் வருகிறது. புல்லி சுற்ற கொம்பிரசரும் எந்நேரமும் சுற்றும், உள்ளே ஒரு வால்வுதான் எவ்வளவு பம்ப் பண்ணுவது என்று தீர்மானிக்கும். ஆகவே "டக்" சத்தம் கேட்கவில்லை என்பதற்காக மட்டும் பழுது என்று முடிவு கட்டக் கூடாது.

ஜூன் 6

களுவாஞ்சிக்குடி அன்பரின் சத்தக் கேள்வி. ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் "ர்ர்ர்" என்று ஒரு உறுமல், எஞ்சின் வேகத்தோடு கூடுகிறது என்றால் புல்லியின் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். புல்லி கொம்பிரசரின் மூக்கில் அந்தப் பெயாரிங்கின் மேல்தான் எந்நேரமும் சுற்றுகிறது. ஏசி போட்ட பிறகு மட்டும் சத்தம் வந்தால் பழுது கொம்பிரசரின் உள்ளே, அல்லது பிளேட்டில். ஆனால் காதை மட்டும் நம்ப முடியாது, டைனமோவும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் அதே மாதிரித்தான் கத்தும். பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றுங்கள். பட்டாணிக் கடலையை உள்ளங்கையில் உருட்டுகிற மாதிரி விரலுக்குத் தட்டுப்பட்டால் அதுதான்.

பெயாரிங் மட்டும் தனியாக வாங்கலாம், புல்லியோடு வாங்கத் தேவையில்லை. பழையதன் பக்கத்தில் இருக்கும் இலக்கத்தையோ, உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூன்றையுமோ காட்டினால் கடையில் பார்த்துத் தருவார்கள். பழையதை எடுக்கும்போது சுத்தியலால் புல்லியின் விளிம்பில் அடிக்காதீர்கள்.

ஜூன் 9

பெருநாள் முடிந்து கராஜ் திறந்த கையோடு வந்தது ஒரு பழைய சன்னி. கல்லடியில் கடலுக்குக் கிட்ட வீடு. 2022இல் எண்ணெய் இல்லாமல் எல்லோரும் வரிசையில் நின்ற காலத்தில் நிறுத்தியது, பிறகு சரியாக ஓடவே இல்லை. இப்போது கிளச் ஒட்டினால் கீச்சிட்டு வழுக்குகிறது.

நீண்ட காலம் நின்ற வாகனத்தில் புல்லி முகத்தில் துரு பிடித்திருக்கும், சில தரம் ஒட்டி விட்டதும் தானாகவே துடைபட்டுவிடும். இதில் அப்படி நடக்கவில்லை. பிளேட்டைக் கழற்றினால் பின்னால் முழுக்க எண்ணெய். கொம்பிரசரின் தண்டைச் சுற்றி எண்ணெயையும் காஸையும் அடைக்கும் முன் சீல் ஒழுகுகிறது. நீண்ட நாள் சுற்றாமல் நின்றால் அந்த சீல் வறண்டு இறுகிவிடும். சுற்றத் தொடங்கியதும் அதன் வழியாக எண்ணெயும் காஸும் வந்து, புல்லி வீசியடித்து முகத்தில் பூசிவிடும். இந்த இடத்தில்தான் நான் முதலில் எழுதியதற்கு எல்லை போட வேண்டும். கிளச் வழுக்குகிறது என்றாலும் இங்கே நோய் கொம்பிரசரில். துடைத்து ஷிம் எடுத்தால் ஒரு கிழமைக்கு நிற்கும், பிறகு திரும்பவும் எண்ணெய். சீலை மாற்ற வேண்டும், அதற்குக் காஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

அதே மாதிரி, எஞ்சினை நிப்பாட்டி பிளேட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சீரான இறுக்கத்தோடு சுற்ற வேண்டும். சுற்றவே முடியாவிட்டாலோ, கரகரத்தாலோ, பிளேட்டும் கொயிலும் எரிந்ததற்குக் காரணம் கொம்பிரசரே. அதற்குப் புதுக் கிளச் போட்டால் அதுவும் எரியும். கராஜ்காரர் "கொம்பிரசர் முடிந்தது" என்று சொன்னால் பிளேட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாக இருந்தால் கையிலேயே தெரியும்.

இன்னொரு தடயம் டொயோட்டாக்காரருக்கு. சில டொயோட்டாக்களில் கொம்பிரசர் சுற்றும் வேகத்தைப் பார்க்க ஒரு சென்சர் உண்டு. கொம்பிரசர் இறுகினாலோ பெல்ட் வழுக்கினாலோ ஏசியை வெட்டி, சுவிட்சின் விளக்கு மின்னத் தொடங்கும். விளக்கு மின்னினால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள்.

ஜூன் 12

காஸ் அடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும், ஏனென்றால் இந்த இழையில் வந்த கேள்விகளில் பாதி "காஸ் அடித்தும் சரிவரவில்லை" என்றுதான் தொடங்குகிறது.

ஆர் 134ஏ காஸ் பெற்றோல் போல எரிந்து முடிகிற சாமான் அல்ல. குறைந்தால் கசிந்திருக்கிறது. கசிவைத் தேடாமல் அடித்தால் அதே வழியால் போகும். குறையாமலே மேலதிகமாக அடித்தால் அழுத்தம் கூடி, கிளச்சுக்கும் பாரம் கூடி, வழுக்கத் தொடங்கும். நிப்பாட்டிய வண்டியில் கேஜைப் போட்டு "காஸ் இருக்கு" என்று சொல்வதிலும் அர்த்தமில்லை. 30 பாகைச் சூட்டில் திரவக் காஸ் கொஞ்சமாவது இருந்தால் கேஜ் 97 பிஎஸ்ஐ அளவில் காட்டும், அரைவாசி இருந்தாலும் அதே அளவு, முழுக்க இருந்தாலும் அதே அளவு. ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் 1500 சுற்றில், விசிறி முழு வேகத்தில், தாழ் அழுத்தப் பக்கம் 1.5 முதல் 2.5 கிலோ, உயர் அழுத்தப் பக்கம் 14 முதல் 16 கிலோ வரை. நம்முடைய மே, ஜூன் வெயிலில் உயர் பக்கம் இன்னும் கொஞ்சம் ஏறும், பயப்படத் தேவையில்லை. சரியாகச் செய்வதென்றால் பழையதை மெசினால் எடுத்து, வக்கியூம் போட்டு, பொனட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் கணக்கில் நிறுத்து அடிக்க வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். திறந்தும் விலையைக் கேட்டால் கிட்டப் போக முடியாது. இருக்கிறதை வைத்துத்தான் இங்கே பெரும்பாலானோர் ஓட வேண்டும். அப்படியிருக்க, ஒரு எர்த் கேபிளுக்காகக் கொம்பிரசர் விலை கொடுக்கிறார்களே என்பதுதான் என் கவலை.

ஜூன் 20

தம்பி உம்மாவோடு மகியங்கனை வழியாகப் போய் வந்துவிட்டார். பதினெட்டு வளைவில் ஏறும்போது ஏசி கொஞ்ச நேரம் வெட்டி வெட்டி வந்ததாம், திரும்பவும் கிளச்சா என்று பயந்து எழுதியிருக்கிறார். அக்சிலரேற்றரை முழுக்க அழுத்தி ஏறும்போது எஞ்சின் கம்பியூட்டரே சில நொடிகள் கொம்பிரசரை விட்டுவிடும், எஞ்சினுக்குப் பலம் மிஞ்சுவதற்காக. தண்ணீர்ச் சூடு கூடினாலும் வெட்டும். உச்சிக்குப் போன பிறகு தொடர்ந்து குளிர்ந்தது என்றால் பழுது இல்லை. சூட்டு மீற்றர் முள் எங்கே நின்றது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜூன் 21

முள் நடுவில்தான் நின்றதாம். சரி.

ஜூன் 27

வாழைச்சேனையிலிருந்து வந்த ஹையேஸ் வேன். பழைய சாமான் கடையில் வாங்கிய கிளச் கொயில் பூட்டி, அச்சு எல்லாம் பொருந்தி, இடைவெளியும் சரி, ஆனால் காலையிலும் ஒட்டவில்லை. கொயிலை அளந்தேன், 14 ஓம். கழற்றிப் பார்த்தால் 24 வோல்ட் பஸ்ஸின் கொயில். 12 வோல்ட்டில் அது ஒரு அம்பியர்கூட இழுக்காது. பழைய கொயில் வாங்குகிறவர்கள் கடையிலேயே மீற்றரை வைத்து அளந்துவிடுங்கள், கார், வேனுக்கு 3 முதல் 5 ஓம். அதோடு கொயில் வயரின் பக்கத்தில் சின்னக் கறுப்பு டயோட் ஒன்று இருந்தால் அதை வெட்டி எறியாதீர்கள். கொயிலை வெட்டும் நேரத்தில் எழும்பும் அலையை அதுதான் அடக்குகிறது, அது இல்லாவிட்டால் ரிலேயின் முனைகள் கெதியாகக் கருகும். மாற்றிப் பூட்டும்போது அதன் வெள்ளைக் கோடு உள்ள முனை பொசிட்டிவ் பக்கம் வர வேண்டும். மறுபக்கம் பூட்டினால் பியூஸ் போகும்.

வேன்காரர் கொயிலைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். சரியானது கிடைத்ததும் அளவை இங்கே போடுகிறேன்.